தரையை விடாத கால்

வலைக்கடியில் பிரயூன் முழங்காலைப் பிடித்தபடி கிடக்கிறான். வலைக்கு மேல் காலால் உதைத்து ஆடும் தக்ரோ பந்து சுவரோரம் உருண்டு நிற்கிறது. அந்தரத்தில் கரணம் போட்டு அதை உதைத்தவன், ஒற்றைக் காலில் இறங்கித் திரும்பினான், அவ்வளவுதான். நாளை பாங்காக்கில் அணித் தேர்வு. "சிமெண்டுல கிடந்த மணல்ல வழுக்கிட்டான்," என்கிறான் கூட ஆடும் தவீ, முழங்காலில் சூட்டுத் தைலத்தை அழுத்தித் தேய்த்தபடி. "உடம்பைச் சூடுபண்ணாம வந்தா இப்படித்தான். எந்திரிடா எருமை, வெறும் சுளுக்கு!" என்று சிரிக்கிறான் இன்னொரு ஆட்டக்காரன் நிரன். தேய்க்கத் தேய்க்க முழங்கால் வீங்குகிறது. சாய்வெயிலில் தைலம் மின்னுகிறது. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் பிரயூனுக்கு மட்டும்தான் கேட்டது. வழுக்கக்கூடாதென்று வாங்கிய புதுக் காலணியைப் பார்க்கிறான். அது வழுக்கவேயில்லை. தரையைக் கவ்விக்கொண்டு நின்றது. உடம்பு மட்டும் திரும்பியது. தவீயின் கை சட்டென்று நிற்கிறது. அவன் பிடியில் இருக்கும் கெண்டைக்கால், தொடையோடு ஒட்டாமல் தனியே முன்னால் வருகிறது.