மாதாவுக்கு விட்டுவைத்த புல்

மொண்டெல்லோ வீட்டு மொட்டைமாடியில் வீட்டுக்கார இத்தாலிய அம்மா, சிஞ்ஞோரா, பிரம்பு நாற்காலியில் இருக்கிறாள். தோட்டக்காரன் கிறிகோரி கைப்பிடிச்சுவரில். வீட்டுவேலை செய்யும் அகஸ்ரீனா வாசற்படியில், மடியில் மன்னாரிலிருக்கும் மகளுக்கு எழுதிய கடிதத்தோடு. தரை வெடிப்பில் முளைத்த புல்லை ஆனி மாதமே பிடுங்கச் சொன்னவள் சிஞ்ஞோரா. ஊதா இறகு போன்ற கதிர்களைக் கோயில் மாதாவுக்கு வைக்கலாமென்று அகஸ்ரீனாதான் விட்டுவைத்தாள். இப்போது கதிர் முற்றிவிட்டது. காற்று வீசும்போதெல்லாம் விதைகள் பஞ்சு மயிரோடு கிளம்பி, ரோசாத் தொட்டிகளிலும் பக்கத்து வீட்டுக் கூரையிலும் இறங்குகின்றன. சிஞ்ஞோரா பாவாடையில் ஒட்டியதைத் தட்டிவிட்டு, அகஸ்ரீனாவின் மகளை இங்கே கூப்பிடுவதற்கு வேண்டிய வேலைப் பத்திரத்தைக் கையெழுத்திடாமலே மடிக்கிறாள். சொல் கேளாதவளுக்கு என்ன கையெழுத்து என்றபடி உள்ளே போகிறாள். “பாருங்கோ அக்கா, இந்த விதையள் பெர்மெஸ்ஸோ, விசா ஒண்டும் கேளாமல் குடும்பத்தோட பறக்குது,” என்று கிறிகோரி சிரிக்கிறான். “வாயை மூடு. நாளைக்குத் திரும்பக் கேப்பன்,” என்கிறாள் அகஸ்ரீனா. “நாளைக்கு அவ வேலைக்கு வேற ஆள் பாப்பா.” கடிதத்தில் ‘நத்தார்ப் பண்டிகைக்கு நீ இஞ்சை நிப்பாய், அமலினி’ என்றிருக்கிறது. அந்த வரியை வெட்ட எடுத்த பேனாவை அகஸ்ரீனா மூடி வைக்கிறாள். உறையின் பசையை நக்குகிறாள். அதில் ஒரு விதை வந்து ஒட்டுகிறது. நகத்தால் சுரண்டி எறிந்து, உறையை அழுத்தி மூடி, “போற வழியில தபால்ல போட்டுவிடு,” என்று கிறிகோரியிடம் நீட்டுகிறாள்.