மஞ்சள் சட்டை

காலை வெளிச்சம் சமையலறை மேசைமேல் விழுகிறது. கலவரத் தடுப்புப் போலீஸில் இருக்கும் பெரியவன் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். ஆட்சியைக் கவிழ்க்கத் திரளும் கூட்டத்துக்குப் போகச் சின்னவன் தண்ணீர் பாட்டிலை நிரப்புகிறான். அம்மா, பெரியவனின் யூனிபார்மைத் தேய்த்து வைத்துவிட்டு, சின்னவனின் மஞ்சள் சட்டையைத் தேய்க்க விரிக்கிறாள். பெரியவன் சொல்லித்தான். “இதைப் போட்டுக்கடா. கண்ணாடி வழியாப் பார்த்தா எல்லா மூஞ்சியும் ஒண்ணாத்தான் இருக்கு. மஞ்சள்னா கை ஓங்கறதுக்கு முன்னாடியே நீன்னு தெரிஞ்சுடும்.” “அப்ப என் பக்கத்துல நிக்கிறவன்?” பெரியவன் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்கிறான். “நீங்கல்லாம் லத்தியைக் கீழே போட்டா இன்னிக்கே முடிஞ்சுடும்ணே.” “எல்லாருக்கும் கீழே போடணும்னுதான்டா இருக்கு. பக்கத்துல இருக்கிறவன் முதல்ல போடட்டும்னு நிக்கிறோம்.”

சின்னவன், கூட்டத்தார் எல்லாரும் போடுவதென்று பேசிவைத்த வெள்ளைச் சட்டையிலேயே கிளம்புகிறான். படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கி அடங்குகிறது. பெரியவன் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்குகிறான். அம்மா சூடு ஆறாத மஞ்சள் சட்டையைத் தோள் இரண்டிலும் பிடித்து, அவன் முன்னால் தூக்கிக் காட்டுகிறாள். “தெரியுதாடா?” “சட்டை நல்லாத் தெரியுதும்மா” என்கிறான். கண்ணாடியில் உள்ளிருந்து மெல்ல ஆவி படிகிறது.