டிரம் உருண்டால் உட்காரக்கூடாது

பாட்டின் இரண்டாவது வரியிலேயே மாக்சிம் கைத்தடியைத் தேடினார்.

டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த அல்பேர் அதைப் பார்த்துவிட்டான். மாக்சிம், அவன் காதலி ஜிஸ்லேனின் அப்பா.

"ஒரு பாட்ட முழுசா என்னால கேக்க முடிஞ்சா, அந்தக் கொட்டடிக்கிறவன் நம்ம வீட்டுப் படி ஏறலாம்" என்று மகளிடம் சொல்லியிருந்தார். முடியாது என்ற தைரியத்தில் சொன்னது.

அதற்காகத்தான் அல்பேர் நாயாய் அலைந்து, 2004 ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய தின விழாவில், பிரியாணிக்கு முன்னால் ஒரே ஒரு பாட்டுக்கு இடம் பிடித்தான். ஆறு வருட ராக் வாழ்க்கையில் மூன்றாவது மேடை. முதல் மேடையில் கரண்ட் போனது. இரண்டாவதில் கூட்டம் போனது.

இங்கே கூட்டம் என்பது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற எழுபது சொல்தாக்கள். நெஞ்சில் பதக்கம், காதில் விரல்.

மாக்சிம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

அல்பேரின் கை அவனைக் கேட்காமலே பாட்டை விட்டது. சின்ன டிரம்மின் மேல் இரண்டு குச்சிகளையும் உருட்டியது. டர்ர்ர்ர்ர்.

கொடியேற்றும்போது தேசிய கீதத்துக்கு முன்னால் உருளுமே, அந்த உருட்டல்.

முதலில் விறைத்தவர் மாக்சிம்தான். கைத்தடி கீழே விழுந்தது, கை நெற்றிக்குப் போனது. அவரைப் பார்த்து அடுத்த நாற்காலி, அதைப் பார்த்து அடுத்த வரிசை. எழுபது பேரும் அட்டென்ஷனில். தண்ணீர் ஊற்ற வந்த தனக்கொடிகூட ஜக்கோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"டேய், என்னடா பண்ற?" கிட்டாரோடு திரும்பினான் ஹரிகிருஷ்ணன்.

"நிறுத்துனா போயிடுவாருடா. நீ பாடு!"

பாடினான். கருவடிக்குப்பத்தில் பஸ்ஸைத் தவறவிட்டவனின் காதல் சோகத்துக்கு எழுபது பேர் சல்யூட் வைத்தபடி நின்றார்கள்.

நாலரை நிமிடம். அல்பேரின் மணிக்கட்டு தீயாய் எரிந்தது. முன்வரிசையில் ஜிஸ்லேன் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பிரியாணி ஆறியது.

பாட்டு முடிந்தது. உருட்டல் நின்றது. கீதம் வரும் என்று சொல்தாக்கள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். கீதம் வரவில்லை, பசி வந்தது. பந்திக்குப் போனார்கள்.

மாக்சிம் மட்டும் மேடையேறி வந்தார். அல்பேர் மரியாதையாக எழுந்து நின்றான். எந்தப் பக்கம் குதித்தால் வாசல் கிட்டே என்றும் பார்த்து வைத்தான்.

அவர் சின்ன டிரம்மை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார்.

"கீதத்துக்கு இப்படியா உருட்டுவாங்க? பட்டாளத்துல பதினஞ்சு வருஷம் இதத்தான் அடிச்சேன். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் முசியே எழுந்தீங்க?"

"நான் எழுந்தாதான மத்தவன் எழுவான்."

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து, காதோடு சொன்னார்.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, தம்பி. ஆனா நான் கொட்டடிச்சத மட்டும் அங்க ஒளறிடாத. பீரங்கிப் படைன்னு சொல்லித்தான் ஜிஸ்லேன் அம்மாவக் கட்டுனேன்."