மாமாவுக்கு நாலு டயர்

"மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வண்டி மந்தமாயிடுது. டயர் கோளாறுதான்னு நினைக்கிறேன்" என்றார் காரில் வந்திறங்கிய முதலாளி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

டயர்க் கடைக்காரர் ஆழ்ந்து யோசிப்பவர்போல் கண்ணை மூடித் திறந்தார். உண்மையில் அவர் யோசனை வேறு. கடையின் நடுவில், ஆள் நடக்கிற வழியை மறித்துக்கொண்டு, நாலு அகல டயர்கள் ஒரு வருஷமாகக் குந்தியிருந்தன. யாரோ ஒரு பந்தயப் பிரியர் கேட்டாரென்று தருவித்தது. டயர் வந்தது, பிரியர் வரவில்லை. தினமும் அதில் முழங்காலை இடித்துக்கொள்ளும் மனைவி அன்று காலையில்தான் தீர்ப்பு எழுதியிருந்தாள். சாயங்காலத்துக்குள் ஒன்று அந்த நாலும் போக வேண்டும், இல்லையென்றால் அவர் போக வேண்டும்.

அப்படியொரு நாளில், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாசலில் வந்து நின்றால் யார்தான் விடுவார்கள்?

மத்தியானம் ரோடு சுடும், ரப்பர் இளகும், வண்டி சோம்பும் என்று கடைக்காரர் அடித்துவிட்டார். முதலாளி தலையாட்டினார். மேடு ஏறும்போது பின்பக்கம் லேசாக முனகுகிறதே என்றார். காற்றுப் போதாத முனகல் என்றார் இவர். சம்பளம் போட்ட மறுநாள் மட்டும் வண்டி சிட்டாகப் பறக்கிறதே, அது எப்படி என்றார் முதலாளி. சில வண்டிகளுக்கு அப்படியொரு ராசி உண்டு என்று சமாளித்தார் கடைக்காரர்.

ஓடும்போது பின் சக்கரம் ஆடுகிறதா, கண்ணாடியில் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு முதலாளி சிரித்தார்.

"கண்ணாடியை எப்பவோ கழட்டிட்டேன். பின்னால பார்க்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. அதனாலதான்யா ரெண்டு ஃபேக்டரி வச்சிருக்கேன்."

ஒரே மகள் என்பதையும், எங்கே போனாலும் பின்னாலேயே வரும் விசுவாசமான ஆபீஸ் ஆட்கள் ஐந்து பேர் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். ஐந்து பேரும் வாசலில் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஆறாவதாக, அந்த ஒரே மகளைக் கட்டிய மாப்பிள்ளை கடைக்குள் நின்றார்.

மாப்பிள்ளை வந்ததிலிருந்து அந்த நாலு டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். முகம் கறுத்தது. நிமிர்த்தி வைத்து விரலால் தள்ளிப் பார்த்தார். அது அரையடி உருண்டு, போதும் என்று நின்றுவிட்டது. கடைக்காரரை மெல்ல ட்யூப்கள் தொங்கும் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணே, ரோட்டைப் பிடிக்காத டயர் ஏதாவது இருக்கா?"

"எது?"

"பட்டனெல்லாம் தேஞ்சு, மொழுக்குன்னு. தொட்டா உருளணும். பழசா இருந்தாலும் பரவாயில்ல."

"மழையில வழுக்கிடும் தம்பி."

"வழுக்கட்டும்ணே. நல்லா வழுக்கட்டும்."

ரெண்டு ஃபேக்டரி. ஒரே மகள். வழுக்கும் டயர். கடைக்காரருக்குக் கணக்குப் போட ரொம்ப நேரம் ஆகவில்லை.

"உங்க மாமா மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"கோபமா? அந்த மனுஷனுக்காக நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். கும்பிட்டுக் கேக்கறேன், அந்த நாலை மட்டும் வித்துடாதீங்க."

அதுவரை மனைவிக்குப் பயந்த வியாபாரியாக இருந்தவர், அந்தக் கணமே ஒரு உயிரைக் காக்க வந்தவராகிவிட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முதலாளிக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, உங்க உயிர் மேல யாருக்கு அக்கறை இருக்கோ இல்லையோ, எனக்கு இருக்கு. இந்த நாலைப் போடுங்க. ரோடு பேர்ந்து வந்தாலும் வரும், டயர் ரோட்டை விடாது."

முதலாளிக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போனது. மாப்பிள்ளையின் அபிப்பிராயத்தைக் கேட்டார்.

"கொஞ்சம் கனமா இருக்கே மாமா."

"கனம்தான் மாப்பிள்ளை கௌரவம்."

மாப்பிள்ளை அப்படியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் அவரைத் திருடனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜாக்கியை எடுத்தார். நாலும் மாட்டி முடிந்ததும் கல்லாவிலிருந்த மனைவி எழுந்து, காலியான வழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு நடை நடந்து பார்த்தாள். வாழ்க்கையில் ஒரே நாளில் ஒரு உயிரையும் ஒரு குடும்பத்தையும் காப்பாற்றியவர் என்ற நினைப்போடு கடைக்காரர் வழியனுப்ப வாசலுக்கு வந்தார்.

முதலாளி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, நேர்ப்பார்வையாகச் சாவியைத் திருகினார். ஒரு சத்தமும் வரவில்லை. ஆபீஸ் ஆட்கள் ஐந்து பேரும் காலணியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, பூனை மாதிரி காருக்குப் பின்னால் போய்க் குனிந்தார்கள். மாப்பிள்ளையும் குனிந்தார். ஆறு பேரும் பல்லைக் கடித்தார்கள். கார் அசையவில்லை.

மாப்பிள்ளை தலையை மட்டும் திருப்பிக் கடைக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். "என்ஜின் போய் ஒரு வருஷமாச்சு, மாமாகிட்ட சொல்ல எங்கள்ல ஒருத்தருக்கும் தைரியம் வரல" என்று காதோடு சொல்லிவிட்டு, அவருக்கும் கைவைக்க இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டார்.