அம்மா என்றால் நிற்கும் ரம்பம்

தண்ணீருக்குள்ளும் மரம் அறுக்கும் புது ஹைட்ராலிக் ரம்பத்துக்கு இளகிய மனசு. பக்கத்தில் யாராவது "அம்மா" என்று அலறினால் போதும், உடனே நின்று, "மனிதரை அறுக்காதீர்கள்" என்று தீயணைப்பு வீரன் அமலனை அதட்டும். வெள்ளத்தில் சிக்கியவனும் அம்மாவைத்தான் கூப்பிடுவான் என்பது ஏசி அறையில் அதை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றவில்லை.

சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தின் அடியில் கால் மாட்டிக்கிடந்த தையல்காரர் குழந்தைவேலுவுக்கு மார்புவரை தண்ணீர் ஏறிவிட்டது. ரம்பம் மறுபடியும் நின்று அதட்டியது.

"அண்ணே, அந்த வார்த்தை மட்டும் வேணாம். வலிச்சா கெட்ட வார்த்தை சொல்லுங்க. அது கண்டுக்காது."

"யாரைய்யா திட்டுறது?"

"என்னையத்தான். வேற யாரு இருக்கா இங்க?"

குழந்தைவேலு ஆரம்பித்தார். அமலனின் ஏழு தலைமுறையும் சந்திக்கு வந்தது. ரம்பம் குஷியாக அறுத்தது. கால் விடுபட்டபோது தண்ணீர் கழுத்தைத் தொட்டிருந்தது.

ஒரு கையில் ரம்பத்தோடு அமலன் அவரைத் தோளில் சுமந்துபோய் மேட்டில் இறக்கியதும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள் அவருடைய தாய். குழந்தைவேலு வாயைத் திறந்தார். சட்டென்று மூடிக்கொண்டு ரம்பத்தைத் திகிலோடு பார்த்தார்.

"இப்ப சொல்லலாமா தம்பி?"

அமலன் ரம்பத்தின் சுவிட்சை அணைத்தான்.

"கூப்பிடுங்கண்ணே."