குண்டூசி விழுந்தால் கேட்கும் தெரு

“இந்தத் தெருவுல குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும்மா. அவ்வளவு அமைதி!” என்று தரகர் சொல்லி வாயை மூடவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து பாட்டு அலறியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“இதுதான் உங்க குண்டூசியா?” என்றாள் அவள்.

தரகர் அசடு வழிந்தார். “என்னிக்காவது ஒரு நாள்தாம்மா...”

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்க சார்.”

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. மூன்று வருஷத்தில் மூன்று வீடு மாறியாகிவிட்டது. எல்லாம் சத்தத்தால் வந்த வினை. பையனை நிம்மதியாக வளர்க்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் ஊரை விட்டு இத்தனை தூரம் தள்ளி வந்து தேடுகிறார்கள். இது தனி வீடு, சுற்றுச்சுவர், வண்டி வாகனம் நுழையாத முட்டுச்சந்து. குளியலறைச் சுவரைக்கூட இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள். கெட்டிச் சுவர்தான். வாடகையும் கட்டுப்படியாகும். எல்லாம் கூடி வரும்போது இப்படி ஒரு பாட்டுக் கச்சேரி.

“சாரும் தம்பியும் வீட்டைப் பாக்க வரலையா?”

“பையன் தூங்கறான்.” தெரு முனையில் கண்ணாடி ஏற்றியபடி அவர்கள் கார் நின்றது. “நீங்க இருங்க. நானே போய்க் கேட்டுட்டு வர்றேன்.”

தொலைபேசியில் அடுத்தவர் புகாரைக் கேட்பதுதான் அவள் உத்தியோகம். ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று எட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது. இன்று அவள் முறை.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. முன்னறையில் தையல் மெஷின். கழுத்தில் டேப்பும் உதட்டில் குண்டூசிகளுமாக ஒரு தையல்காரம்மா. ஜன்னல் விளிம்பில் தெருவைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர்.

“ஏங்க, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கறீங்களா?”

அந்த அம்மா உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள்.

“முடியாதுங்க. இன்னும் கால் மணி நேரம் ஆகும்.”

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. “இது மனுஷங்க குடியிருக்கற தெருங்க! படிக்கற பிள்ளைங்க இருக்கும், உடம்பு முடியாதவங்க இருப்பாங்க. உங்க ஒருத்தருக்காக எல்லாரும் காதைப் பொத்திக்கணுமா? அக்கம்பக்கத்தை நினைச்சுப் பாக்கவே மாட்டீங்களா?”

“புகார் எழுதணும்னா எழுதுங்க. குடியிருப்போர் சங்கத்துல ஏற்கெனவே நிறையக் கிடக்கு. பத்தோட பதினொண்ணா இருக்கட்டும்.”

“என்ன திமிர்!” என்று அவள் வாயெடுத்தபோது பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்க இரண்டே விநாடி.

அந்த இரண்டு விநாடியில், அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து ஓர் அலறல் வந்தது. வார்த்தையே இல்லாமல் ஏறிக்கொண்டே போன அலறல். தையல்காரம்மா பாய்ந்துபோய் ஸ்பீக்கரின் திருகைத் திருப்பினாள். அடுத்த பாட்டு அதை மூடியது.

அவளுடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“குளிப்பாட்டறாங்களா?” என்றாள் மெதுவாக.

தையல்காரம்மாவின் கை திருகிலேயே நின்றது. அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதைக் கேட்டவங்க எல்லாரும் ‘யாரைப் போட்டு அடிக்கறாங்க’ன்னுதாம்மா கேட்டிருக்காங்க. நீ ஒருத்திதான் இப்படிக் கேக்கற.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பத்து வயசுப் பொண்ணும்மா. பேச்சு வராது. தண்ணி மேல பட்டா இப்படித்தான் கத்தும். வாடகைக்கு வந்தவங்க. குண்டூசி விழுந்தாலே கேக்கற தெருவுல பிள்ளை கத்தினாக் கேக்காதா? பதினாலு வீட்டுக்காரங்க காலி பண்ணச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க. அத்தனை பேரும் படிச்சவங்க! அதுக்கப்புறம் அந்தம்மா பிள்ளை வாயைத் துண்டால பொத்திக்கிட்டே குளிப்பாட்டினா. என் கண்ணால பாத்தேன். அன்னிக்கே போய் இந்தப் பெட்டியை வாங்கிட்டு வந்தேன். இப்போ புகாரெல்லாம் என் பேர்லதான் வருது. வரட்டுமே! இது என் சொந்த வீடு. என்னை எவன் காலி பண்ணச் சொல்றது?”

சற்றுமுன் தான் பேசியதெல்லாம் அவள் காதிலேயே திரும்ப ஒலித்தது. அவள் சொந்தமாகச் சொன்னது ஒன்றுமில்லை. மூன்று வீட்டிலும் அக்கம்பக்கத்தார் அவள் வாசலில் வந்து நின்று சொன்னதுதான். அதைக் கேட்டு மூன்று முறை அழுதவள், நாலாவது வீட்டு வாசலில் அதையே வார்த்தை மாறாமல் ஒப்பித்திருக்கிறாள்.

தையல்காரம்மா ஜன்னல் வழியே தெருமுனைக் காரைப் பார்த்தாள். ஏற்றியிருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

“இந்தப் பொண்ணுக்குப் பத்து மணி. உங்களுக்கு எந்த நேரம்னு மட்டும் சொல்லும்மா, பாட்டைச் சேத்துப் போட்டுடறேன்.”

“எட்டரைக்கு, அக்கா.” என்றாள் அவள். “தலை சீவும்போது.”

பிறகு போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். “கண்ணாடியை இறக்குங்க. அவனைக் கூட்டிட்டு நடந்து வாங்க.”

“இப்பவா? கத்திக்கிட்டு இருக்கானே!”

“கத்தட்டும்ங்க. இங்க பாட்டு ஓடிக்கிட்டு இருக்கு.”