ஒழுங்காக இருப்பது

"ஒழுங்கா இருக்கீங்களா?"

புதிதாக வந்த கவுன்சிலர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

கேள்வி மாத்திரையைப் பற்றி மட்டும் இல்லை என்று எதிரே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியும். எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வரும் எல்லோரிடமும் கேட்பார்கள். எல்லோரும் குனிந்துகொண்டு ஆமாம் என்பார்கள்.

கணவன் இறந்ததிலிருந்து அவளும் அப்படித்தான் சொல்லிவந்தாள். அப்போது அது உண்மையாகவும் இருந்தது.

இன்று குனியவில்லை.

"மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்ல மேடம். ஆணுறையும் வேணும். சேத்துக் குடுங்க."

பேனா நின்றது.

"வீட்டுக்காரர் இல்லேன்னு போட்டிருக்கு."

"வீட்டுக்காரர் இல்ல. ஆள் இருக்கார்."

கவுன்சிலரின் குரல் தணிந்தது. தணிந்த குரலில் இரக்கம் இல்லை.

"இந்த நோயை வச்சுக்கிட்டு இன்னொருத்தர் வாழ்க்கையைக் கெடுக்கலாமாம்மா? அவருக்குத் தெரியுமா?"

அவளுக்குக் காது மடல் சுட்டது.

இந்த உடம்பைப் பற்றி எல்லோருக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது. மாமியாருக்கு, வீட்டைக் காலி செய்யச் சொன்னவனுக்கு, இப்போது இவளுக்கு. எலும்பும் தோலுமாகக் கிடந்த உடம்பு. கசப்பையும் குமட்டலையும் விழுங்கி விழுங்கி, அவளேதான் அதைத் தூக்கி நிறுத்தினாள்.

"கிருமி ரத்தத்துல தெரியாத அளவுக்கு இறங்கிடுச்சு. மாத்திரையை விடாத வரைக்கும் கூட இருக்கறவருக்குத் தொத்தாதுன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டார். அப்படியும் ஆணுறை போட்டுக்கறோம். அவருக்குத் தெரியுமான்னுதானே கேட்டீங்க? அவரையே கேளுங்க."

எழுந்து கதவைத் திறந்தாள்.

வெளியே நடையில் பெஞ்சு நிறைய ஆட்கள். துப்பட்டாவுக்கும் முகக்கவசத்துக்கும் பின்னால் பாதி முகங்கள். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டோக்கன் எண்தான்.

"இருதயராஜ்! உள்ள வாங்க."

தலைகள் நிமிர்ந்தன.

கடைசி பெஞ்சிலிருந்து ஆட்டோக்காரரின் காக்கிச் சட்டை எழுந்தது.

"இதோ வந்துட்டேன், தமயந்தி."

அவள் பெயர் நடை முழுக்கக் கேட்டது.

உள்ளே வருபவர்களுக்கு ஒரு நாற்காலிதான் இருந்தது. அவளை உட்காரவைத்துவிட்டு அவன் பின்னால் நின்றான்.

"எல்லாம் தெரியுங்க. பழக ஆரம்பிச்சப்பவே சொல்லிட்டா. நானும் அப்பப்ப ரத்தம் குடுத்துப் பாத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

தொண்டையைச் செருமினான்.

"நாங்க ஒரு குழந்தை பெத்துக்கணும்னா என்ன செய்யணும்? அதைக் கேக்கத்தான் இன்னைக்குக் கூட வந்தேன்."

தமயந்தி சட்டெனத் திரும்பி அவனைப் பார்த்தாள். இதை அவளிடம்கூட அவன் பேசியதில்லை.

கவுன்சிலர் முதல்முறையாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோப்பில் பரிசோதனை முடிவைத் தேடி எடுத்து நிதானமாகப் படித்தாள்.

"வழி இருக்கு. சொல்றேன்."

எழுந்து கதவைச் சாத்தப் போனாள்.

வெளியே பெஞ்சுகளில் இருந்தவர்கள் கதவுப் பக்கமாகச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"திறந்தே இருக்கட்டும் மேடம்" என்றாள் தமயந்தி.